படத்தை ஆக்கியவர் யார்?

நாட்காட்டிக்கு ஒரு சூரியோதயம், பாடநூலின் அட்டைக்கு ஓர் ஆலமரம், விளம்பரத்துக்குச் சிரிக்கும் ஒரு குழந்தை. இவ்வாறு யாருக்கு எது தேவைப்படும் என்று முன்கூட்டியே எண்ணிப் படங்களைத் தொகுத்து வைத்து, கேட்பவருக்குக் கட்டணம் பெற்று வழங்குவது ஒரு தனித் தொழில். இப்படங்களை 'ஸ்டாக்' படங்கள் என்பர்.

2022ஆம் ஆண்டில் இத்தொழிலில் ஒரு பெரும் மாற்றம் புகுந்தது. சில சொற்களைத் தட்டச்சு செய்தால் சில நொடிகளில் படம் ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் பொதுமக்களின் கைக்கு வந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் கெட்டி இமேஜஸ் நிறுவனம் இத்தகைய படங்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. டிசம்பரில் அடோபி நிறுவனமோ, இயந்திரம் ஆக்கியது என்ற குறிப்புடன் அவற்றை ஏற்பதாக அறிவித்தது.

இப்படி ஒரு படத்தை ஆக்கி விற்பனைக்கு வைக்கிறார் ஒருவர். மற்றொருவர் காசு கொடுக்காமல் அதை நகலெடுத்துத் தாமும் விற்கத் தொடங்குகிறார். முதலாமவரால் தடுக்க முடியுமா? கேள்வி புதிது போலத் தோன்றினாலும் அதன் வேர் ஏறத்தாழ 300 ஆண்டுப் பழமையுடையது.

ஹோகார்த்தின் போராட்டம்

லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த், 1732ஆம் ஆண்டில் ஆறு படங்கள் கொண்ட ஒரு கதைத் தொடரைச் செம்புத் தகடுகளில் செதுக்கி அச்சிட்டு விற்றார். படங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. உடனே கள்ளப் பதிப்பாளர்கள் அவற்றைப் பார்த்துத் தாமும் தகடு செதுக்கி, மலிவு விலையில் விற்றனர். அக்காலத்தில் நூலாசிரியருக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது; படம் செதுக்கியவருக்கு இல்லை.

ஹோகார்த்தும் அவருடைய நண்பர்களும் பாராளுமன்றத்திடம் முறையிட்டனர். அதன் பயனாக, 1735ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் செதுக்கோவியருக்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. தாமே கற்பனை செய்து வடிவமைத்த படத்துக்கு 14 ஆண்டுகள் தனியுரிமை கிடைத்தது. உரிமையாளரின் பெயரும் வெளியிட்ட நாளும் ஒவ்வொரு தகட்டிலும் பொறிக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. சட்டம் வரும் வரையில் ஹோகார்த் தம் அடுத்த தொடரை வெளியிடாமல் காத்திருந்தார். அதற்குள் சிலர், அவர் காட்சிக்கு வைத்திருந்த மூல ஓவியங்களைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு போய்ப் போலிகளை அச்சிட்டு விட்டனர் என்பது சுவையான செய்தி.

இச்சட்டம் வந்த காலத்தில், படத்தை ஆக்கியவர் யார் என்ற ஐயம் எழவில்லை. கை மனிதனுடையது, உளியும் மனிதன் பிடித்தது.

காமிரா வந்தபோது

ஐயம் புகைப்படத்தோடு வந்தது. 1882ஆம் ஆண்டில் ஆஸ்கார் வைல்டு என்ற எழுத்தாளர் அமெரிக்கா சென்றிருந்தபோது, நெப்போலியன் சரோனி என்ற நியூயார்க் புகைப்படக் கலைஞர் அவரைப் படம் பிடித்தார். பரோ-கைல்ஸ் என்ற கல்லச்சு நிறுவனம் அவற்றுள் ஒன்றை அனுமதியின்றி 85,000 படிகள் அச்சிட்டது. சரோனி வழக்குத் தொடுத்தார்.

நிறுவனத்தின் வாதம் எளிமையானது. எதிரே உள்ளதை அப்படியே பதிவு செய்வது காமிரா என்னும் இயந்திரம்; ஒளியும் இரசாயனமும் செய்த வேலைக்கு மனிதன் எப்படி ஆசிரியனாவான்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1884ஆம் ஆண்டு மார்ச் மாதம் சரோனி வென்றார். வைல்டை அமர வைத்த விதம், உடை, திரைச்சீலை, ஒளி நிழல் அமைப்பு, முகபாவம் ஆகிய அனைத்தும் சரோனியின் மனத்தில் தோன்றி அவரால் அமைக்கப்பட்டவை. ஆகவே அவரே ஆசிரியர் என்றது நீதிமன்றம். அவருக்குக் கிடைத்த தொகை 610 டாலர்.

ஆனால் நீதிபதிகள் ஒரு கதவைத் திறந்தே வைத்தனர். மனிதக் கற்பனை சிறிதும் கலவாத, வெறும் இயந்திரச் செயலாக உருவான படத்துக்கு உரிமை உண்டா என்பது குறித்து இங்கே எதுவும் முடிவு செய்யவில்லை என்று கூறிவிட்டனர். அந்தக் கதவின் வழியாகத்தான் இன்றைய சிக்கல் நுழைந்திருக்கிறது.

இயந்திரம் ஆசிரியராகுமா?

ஸ்டீவன் தேலர் என்ற அமெரிக்கர், தம் கணிப்பொறி நிரலையே ஆசிரியராகக் குறிப்பிட்டு ஒரு படத்துக்குப் பதிப்புரிமை கோரினார். பதிப்புரிமை அலுவலகம் மறுத்தது. அம்மறுப்பு சரியே என்று 2023ஆம் ஆண்டில் மாவட்ட நீதிமன்றமும், 2025ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. ஆசிரியர் மனிதராகவே இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

மனிதர் ஒருவர் பின்னால் நின்றாலும் சிக்கல் தீரவில்லை. கொலராடோ மாநிலக் கண்காட்சியில் 2022ஆம் ஆண்டு பரிசு பெற்ற ஒரு படத்தை ஆக்கியவர், குறைந்தது 624 முறை சொற்களை மாற்றி மாற்றிக் கட்டளையிட்டதாகக் கூறினார். அப்படியும் இயந்திரம் ஆக்கிய பகுதிக்கு உரிமை கிடைக்கவில்லை. ஒரு படக்கதை நூலின் வழக்கு வேறு விதமாக முடிந்தது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில், அந்நூலின் எழுத்துக்கும் படங்களைத் தேர்ந்து அடுக்கிய முறைக்கும் உரிமை உண்டு, தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்று அலுவலகம் முடிவு செய்தது.

சீனாவில் காற்று வேறு திசையில் வீசியது. 2023ஆம் ஆண்டு நவம்பரில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம், செயற்கை நுண்ணறிவு கொண்டு ஒருவர் ஆக்கிய இளம்பெண்ணின் படத்துக்குப் பதிப்புரிமை உண்டு என்றது. சொற்களைத் தேர்ந்ததிலும் அளவுகளைத் திருத்தித் திருத்தி அமைத்ததிலும் அவருடைய அறிவு உழைப்பு வெளிப்படுகிறது என்பது காரணம். பெயர்க் குறியை நீக்கிவிட்டு அப்படத்தைத் தம் கவிதையுடன் வெளியிட்டவர் 500 யுவான் இழப்பீடு தர நேர்ந்தது.

நம் நாட்டில், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், கணிப்பொறி ஆக்கிய படைப்புக்கு அது உருவாகக் காரணமான நபரே ஆசிரியர் என்கிறது. அந்த நபர் சொற்களைத் தட்டியவரா, நிரலை எழுதியவரா என்பதைச் சட்டம் விளக்கவில்லை. சொல்லிலிருந்து படம் பிறக்கும் காலத்தை அன்று யார் கண்டார்!

கண்ணுக்குத் தெரியாத முத்திரை

சட்டம் தயங்கும் இடத்தில் தொழில்நுட்பம் உதவுமா? கணிப்பொறிப் படம் எண்ணற்ற சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவு பொதுவாக 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணால் குறிக்கப்படும். 200 என்பதை 201 ஆக்கினால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இத்தகைய நுண்ணிய மாற்றங்களைப் படம் முழுவதும் ஓர் ஒழுங்கில் பரப்பி வைத்தால், தகுந்த நிரலால் மட்டும் படிக்கக்கூடிய மறைமுத்திரை கிடைக்கிறது. கூகுள் நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட சிந்த்ஐடி என்பது இவ்வகையைச் சேர்ந்தது. அது இன்னும் நுட்பமான முறைகளைக் கையாளுகிறது.

ஆனால் முத்திரை என்பது காவலாளி அன்று; சாட்சி மட்டுமே. படம் எங்கிருந்து வந்தது என்று அது கூறும். நகலெடுக்கும் கையைப் பிடிக்காது. சாட்சி சொன்னாலும், உரிமை என்ற ஒன்று இருந்தால்தான் நீதிமன்றத்தில் வழக்கு நிற்கும். விற்பனை ஒப்பந்தமும் அத்தகையதே. அதில் கையொப்பமிட்டு வாங்கியவரை அது கட்டுப்படுத்தும். வழியில் கண்டு எடுத்துக்கொண்ட மூன்றாமவரைக் கட்டுப்படுத்துவது அரிது.

ஆகவே இயந்திரப் படத்தைக் காக்க விரும்புவோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சரோனி வென்றது காமிராவால் அன்று. காமிராவுக்கு முன்னால் தாம் செய்தவற்றை எடுத்துக்காட்டியதால். தம் கையால் வரைந்த முதல் வரைவு, தாம் செய்த திருத்தங்கள், தேர்ந்து அடுக்கிய முறை ஆகியவற்றை நாளுடன் பதிந்து வைத்திருப்பவர், அந்தப் பங்குக்கேனும் உரிமை கோரலாம். தகட்டில் பெயரும் நாளும் பொறிக்க வேண்டும் என்று 1735ஆம் ஆண்டுச் சட்டம் அன்று செதுக்கோவியருக்கு விதித்தது. யார், எப்போது, என்ன செய்தார் என்பதை எழுதி வைக்கும் அப்பழக்கம் இன்றைக்கும் பொருந்துகிறது. இயந்திரம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதில் மனிதன் செய்தது என்ன என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.