நட்டுவிட்டு மறந்த கொடி

குன்னூரில் என் நண்பர் வீட்டுக்குப் பின்புறம் ஒரு சரிவு இருக்கிறது. அதில் புல் வளர்க்க அவர் படும் பாடு கொஞ்சமல்ல. காலூன்றி நின்று புல் வெட்ட முடியாத இடம். மழை வலுத்தாலோ, மண் கரைந்து கீழ்வீட்டுக்காரர் வாசலில் போய் நிற்கும். சென்ற மாதம் நான் போயிருந்தபோது ஒரு நர்ஸரிக்காரர் வந்தார்.

"புல்லை எடுத்துவிடுங்கள், சார். ஒரு கொடி தருகிறேன். நட்டுவிட்டு மறந்துவிடலாம்" என்றார்.

நண்பர் முகம் மலர்ந்தது. எனக்கோ அந்தக் கடைசி வார்த்தை உறுத்திற்று. அதை நம்பிய ஒரு தேசத்தின் கதை எனக்குத் தெரியும்.

அமெரிக்கா சுதந்திரம் பெற்ற நூறாவது ஆண்டை 1876-இல் பிலடெல்பியாவில் பொருட்காட்சி வைத்துக் கொண்டாடினார்கள். அங்கே ஜப்பானியர் கொண்டுவந்து வைத்தது குட்ஸு என்ற கொடி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊதாப் பூ, இனிய வாசனை. தென் மாகாணத்துச் சீமாட்டிகள் அதைத் தாழ்வாரத்து நிழலுக்காக வளர்த்தார்கள். சிலர் மாட்டுக்குத் தீனியாகப் போட்டார்கள்.

அந்தத் தென் மாகாணங்களில் தலைமுறை தலைமுறையாகப் பருத்தி விதைத்து மண் களைத்துப் போயிருந்தது. மழைநீர் சரிவுகளை அறுத்துக்கொண்டு ஓடியது. ஜார்ஜியாவில் பிராவிடன்ஸ் என்ற இடத்தில், வயலில் விழுந்த வாய்க்கால்கள் 150 அடி ஆழமுள்ள பள்ளத்தாக்காகவே ஆகிவிட்டன!

1935-இல் மண் பாதுகாப்புக்கென்று சர்க்கார் ஓர் இலாகாவை ஏற்படுத்தியது. புல்லுக்கு அடங்காத சரிவைக் குட்ஸு பிடித்து நிறுத்தும் என்று அந்த இலாகா நம்பியது. 7 கோடிக்கு மேல் நாற்று வளர்த்தது. நடுகிறவருக்கு ஏக்கருக்கு 8 டாலர் வரை கொடுத்தது. ரயில்பாதை, சாலைக் கரைகளிலும் கொடி ஏறிற்று. சானிங் கோப் என்ற பத்திரிகைக்காரர் ரேடியோவிலும் அதன் புகழ் பாடினார். அவர் தொடங்கிய குட்ஸு சங்கத்தில் 20,000 பேர் சேர்ந்தார்கள்.

கொடி வாக்குத் தவறவில்லை. மண்ணைப் பிடித்தது. ஆனால் மண்ணோடு நிற்கவில்லை. கோடையில் நாளுக்கு ஓரடி வளரும். கணு மண்ணில் பட்ட இடமெல்லாம் வேர்விடும். பனியில் இலை கருகினாலும், கிழங்கு உயிரோடிருந்து வசந்தத்தில் மறுபடி தளிர்க்கும். கைவிட்ட வயல்களில் மரத்தின் மேலேறி, வெயில் படாமல் மூடி, மரத்தையே கொன்றது. 1953-இல் விவசாய இலாகா, நடத் தகுந்த செடிகளின் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. 1970-இல் களை என்றே அறிவித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாடுகள் விடாமல் மேய்ந்த நிலத்தில் குட்ஸு தலையெடுக்கவே இல்லை. தளிரைத் தின்னத் தின்னக் கிழங்கு வற்றிச் செத்தது. மாடும் மனிதனும் எட்டிப் பாராத சாலைச் சரிவுகளில்தான் அது ராஜ்யம் ஆண்டது. குற்றத்தைக் கொடியின்மேல் மட்டும் சுமத்துவது நியாயமா? மறந்தவர்களுக்கு அதில் பங்கில்லையா?

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நண்பர் நர்ஸரிக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏனப்பா, பிறகு வேண்டாமென்று தோன்றினால் உன் கொடியைப் பிடுங்கிவிட முடியுமா?"

அந்த மனிதர் நேர்மையானவர். "அது கொஞ்சம் கஷ்டம்தான், சார்" என்றார்.

நண்பர் பெருமூச்சுவிட்டு, புல் வெட்டும் அரிவாளைத் தேடிக்கொண்டு போனார்.