நீ, நீர், நீங்கள்: பாதிரிமார் படித்த மரியாதை

ஆங்கிலத்தில் தாத்தாவுக்கும் "யூ"தான், தம்பிக்கும் "யூ"தான். அப்படிப் பேசிப் பழகியவர் தமிழ் படிக்க வந்தால் முதலில் சறுக்குவது மரியாதையில்தான். சுரண்டை கடைத்தெருவில் "எங்கலே போற", "எங்கவே போறீரு", "எங்க போறீங்க" என்று மூன்றும் காதில் விழும். கேள்வி ஒன்றுதான், ஆள்தான் வேறு.

ஒருவரைப் பன்மையில் சொல்வது பழைய வழக்கம். அது இலக்கண முறை அல்ல, உலக வழக்கில் வந்த உயர்வு என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. "நீர்" என்ற பன்மை ஒருவருக்கான மரியாதைச் சொல்லாகிவிட, "கள்" ஏறிய "நீங்கள்" வந்தது.

1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் படித்தார். எழுத்தை அப்படிப் படிக்கலாம். பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதைச் சிறுவர்களிடம் எவ்வளவு படிக்க முடியும்?

நெல்லைச் சீமையில் இந்தப் பாடம் இன்னும் சிக்கலானது. 1820-ல் பாளையங்கோட்டைக்கு ரேனியஸ் வந்தார். 1841-ல் இடையன்குடிக்குக் கால்டுவெல் வந்தார். சாயர்புரத்தில் ஜி.யு.போப் இருந்தார். மூவருமே இலக்கணம் எழுதியவர்கள். அந்தக் காலத்துக் கையேடுகள் பொதுவாகச் சொன்ன விதி இதுதான்: தாழ்ந்தவருக்கும் பிள்ளைகளுக்கும் "நீ", சமமானவருக்கு "நீர்", உயர்ந்தவருக்கு "நீங்கள்".

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் யார் தாழ்ந்தவர்? அன்றைய கிராமத்தில் அதைத் தீர்மானித்தது வயது மட்டுமல்ல, சாதியும்தான். நிலக்காரர் வீட்டுப் பையன் எழுபது வயதுக் கூலிக்காரரை "வாலே" என்பான். அவர் "ஐயா" என்று பதில் சொல்வார். விதியைத் தப்பில்லாமல் படித்த வெளிநாட்டவர் அதோடு சேர்த்துச் சாதியையும் படித்தார்.

பைபிள் மொழிபெயர்ப்பிலும் இதே தலைவலி. மூலமான கிரேக்கத்தில் ஒருவரை அழைக்க ஒரே சொல்தான் உண்டு. தமிழில் சீடர்கள் இயேசுவை "நீர்" என்கிறார்கள், விசாரிக்கும் பிலாத்து "நீ" என்கிறான். யாருக்கு எந்தச் சொல் என்பது முழுக்க மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு.

இது தமிழுக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. ஹங்கேரிய மொழியில் மரியாதையாகப் பேசும்போது எதிரில் இருப்பவரிடமே "அவர் வருகிறாரா" என்பதுபோலப் படர்க்கை வினையில் கேட்க வேண்டும். பிள்ளைகள் வயதானவர்களிடம் பேச "பிடிக்கிறது" என்ற வினையைத் துணைக்குச் சேர்ப்பதும் உண்டு.

இன்று டொராண்டோவிலும் லண்டனிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு மாதிரி. வீட்டில் அவர்களிடம் பெற்றோர் சொல்வது "வா", "சாப்பிடு". காதில் விழுந்ததையே திருப்பித் தாத்தாவிடம் சொல்கிறார்கள். அது திமிர் அல்ல, வேறு வடிவத்தை அவர்கள் அதிகம் கேட்டதில்லை. சிங்கப்பூரில் 2005-ல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு பேச்சுத் தமிழுக்கு முக்கியத்துவம் தரச் சொன்னது. அது மரியாதை வடிவங்களைப் பழகவும் உதவும்.

அப்போதும் ஒன்று மிஞ்சும். பெரியவர்களுக்கு "நீங்கள்" என்று புத்தகம் சொல்லும். ஆனால் நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் அப்பாவுக்குத்தான் "நீங்க", அம்மாவுக்கு "நீ". புத்தகத்தை நம்பி அம்மாவை "நீங்கள்" என்று கூப்பிட்டால், "ஏம்ல, எம் மேல என்ன கோவம்?" என்பாள்.