பீப்பாய்க்குள் ஒரு வரலாறு

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதுங்கண்ணே" என்று கேட்டபோது, "போர்ட் ஒயினைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். தொலைபேசியில் சிறிது நேரம் சத்தமே இல்லை. நான் அதை நாக்கில் வைத்துக்கூடப் பார்க்காதவன் என்பது விடுதி நண்பர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இந்தக் கதை தொடங்குவது நமது வேதியியல் ஆய்வுக்கூடத்தில்தான்.

1976. சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட் சேர்த்து நொதிக்க வைத்து, ஆல்கஹாலை வடித்தெடுக்கும் சோதனை. என் குடுவையில் அளவு குறைவாக வந்தது. எதற்கு வம்பு என்று புத்தகத்தில் இருந்த எண்ணையே ரெக்கார்டில் எழுதிவிட்டேன். பேராசிரியர் பார்த்தார். திட்டவில்லை. "புத்தகத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்டா. உன் குடுவையில என்ன நடந்துச்சு? அதைச் சொல்லு" என்றார். அன்று தலைகுனிந்து நின்றவன், 2009ல் அலுவலக வேலையாகப் போர்ச்சுக்கல் சென்றபோதுதான் அந்த வார்த்தையின் முழு அர்த்தத்தையும் புரிந்துகொண்டேன்.

போர்ட்டோ நகரின் எதிர்க்கரையில் வில நோவ டி கையா. டோரோ ஆற்றை ஒட்டி வரிசையாகக் கிடங்குகள். உள்ளே அரை இருட்டு, குளிர்ச்சி, மரவாசனை. ஒவ்வொன்றும் சுமார் 550 லிட்டர் கொள்ளும் பீப்பாய்கள்.

செய்முறை எளிது. மேல் டோரோ மலைச்சரிவுகளில் செப்டம்பர் வாக்கில் திராட்சை பறிப்பார்கள். அதைக் கருங்கல் தொட்டியில் கொட்டிக் காலால் மிதிப்பது பழைய வழக்கம். சில தோட்டங்களில் இன்றும் உண்டு. இரண்டு மூன்று நாளில் சர்க்கரையில் பாதியளவு ஆல்கஹாலாக மாறியிருக்கும். அந்த நேரம் பார்த்து, 77 சதவீதம் ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்ப்பார்கள். சுமார் 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம். மொத்தம் 20 சதவீதத்தை எட்டியதும் ஈஸ்ட் செத்துவிடும். மீதிச் சர்க்கரை அப்படியே நின்றுவிடும். பதநீர் புளிக்காமலிருக்க நம்மூரில் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதில்லையா? வழி வேறு, நோக்கம் ஒன்றுதான்.

அதன் பிறகு காத்திருப்பு. பீப்பாயிலேயே பல ஆண்டு கிடப்பது டானி. மரத்தின் வழியே காற்று மெல்ல மெல்லப் புகுந்து, சிவப்பு நிறம் பழுப்பாகும். பருப்பு வாசனை ஏறும். கொஞ்சம் ஆவியாகியும் போகும். 10, 20, 30, 40 ஆண்டு என்று புட்டியில் போடுவார்கள். விண்டேஜ் என்பது வேறு ரகம். நல்ல விளைச்சல் ஆண்டில் மட்டும் எடுத்து, இரண்டு மூன்று ஆண்டுக்குள் புட்டியில் அடைத்து, காற்றுப் படாமல் பல பத்தாண்டுகள் முதிர விடுவது.

இனி வரலாறு. பிரான்சோடு மாறி மாறிச் சண்டை போட்ட இங்கிலாந்துக்குப் பிரெஞ்சு ஒயின் கிடைப்பது கஷ்டமாயிற்று. 1703ஆம் ஆண்டின் மெத்துவன் ஒப்பந்தம் போர்ச்சுக்கல் ஒயினுக்கு வரிச்சலுகை தந்தது. கடல் பயணத்தில் கெடாமலிருக்கக் கொஞ்சம் பிராந்தி ஊற்றினார்கள். தேவை கூடியதும் கலப்படமும் கூடியது. நிறத்துக்கு எல்டர்பெரிப் பழச்சாறு, இனிப்புக்குச் சர்க்கரை! 1756ல் பொம்பால் பிரபு அரசு ஆதரவுடன் ஒரு கம்பெனியை அமைத்து, விளையும் பகுதிக்குக் கல் நட்டு எல்லை வகுத்தார். எல்டர்பெரிச் செடிகளைப் பிடுங்கி எறியச் சொன்னார். கம்பெனியின் ஆதிக்கத்தை எதிர்த்து 1757ல் போர்ட்டோவில் கலகம் வெடித்தது, பலர் தூக்கிலிடப்பட்டனர்.

அடுத்த நூற்றாண்டில் வந்தவர் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர். ஆங்கில வியாபாரி, டோரோ ஆற்றுக்கு வரைபடம் தீட்டியவர். 1844ல் பெயர் போடாமல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பிராந்தியும் பழச்சாறும் ஊற்றி நல்ல ஒயினைக் கெடுக்கிறீர்கள் என்று சொந்தத் தொழில்காரர்களையே சாடினார். எதிர்ப்பு பலமாக எழுந்தது. 1861ல் வலேரா என்ற இடத்தில் படகு கவிழ்ந்து அதே டோரோவில் மூழ்கினார். உடல் கிடைக்கவில்லை.

யார் ஜெயித்தது? பிராந்தி விஷயத்தில் ஃபாரெஸ்டர் தோற்றார். அவர் எதிர்த்ததே இன்று போர்ட்டின் இலக்கணம். ஆனால் இன்று அங்கே எந்தச் சாராயம், எவ்வளவு, எந்த மலைச்சரிவின் திராட்சை என்பதற்கெல்லாம் சட்டம் உண்டு. அரசு நிறுவனம் சோதித்து முத்திரை தந்தால்தான் புட்டி வெளியே போகும். ஒளித்துச் சேர்த்தால் கலப்படம். சொல்லிச் சேர்த்தால் செய்முறை. அந்த வகையில் அவரும் ஜெயித்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கிடங்கில் ஒரு சிறு கோப்பை நீட்டினார்கள். கும்பிட்டு மறுத்துவிட்டேன். எனக்கு நினைவு வந்ததெல்லாம் பேராசிரியரின் கேள்விதான். ஊர் திரும்பியதும் அவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எண்ணினேன். அவர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே! உங்கள் குடுவையில் வந்த எண் எதுவானாலும் அதையே எழுதுங்கள். குறைந்து வந்தால் ஏன் குறைந்தது என்று தேடுங்கள். நான் அன்று தேடியிருந்தால் விடையை 33 ஆண்டு தாமதமாக, அதுவும் கடல் கடந்து போய்த் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன்.