இஷியின் வில்

போன புரட்டாசியில் ஒரு ராத்திரி, மக்காச்சோளத்துக்குக் காவலாகப் பரண் மேல் உட்கார்ந்திருந்தேன். எங்க பக்கம் மானாவாரி நிலத்தையும் காடுன்னுதான் சொல்லுவோம், வனத்தையும் காடுன்னுதான் சொல்லுவோம். எங்க காடு முடியற இடத்துல அந்தக் காடு ஆரம்பிக்குது. கதிர் பால் பிடிக்கிற நேரம் வந்தால் பன்றியும் கடமானும் இறங்கிடும்.

அப்போது அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்தில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன் செய்தான். அவனுக்கு அது காலை நேரம்.

"என்ன மாமா, இன்னும் தூங்கலீங்களா?"

"கடமான் வருது மாப்ள, எங்க தூங்கறது?"

அவன் சிரித்தான். கூட வேலை செய்கிற ஒருவர் லீவு போட்டுவிட்டு, வில்லையும் அம்பையும் தூக்கிக்கொண்டு எல்க் மான் வேட்டைக்கு மலைக்குப் போனாராம். ஒன்பது நாள் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தாராம். "ஆனா ரொம்ப சந்தோஷமா இருக்காரு மாமா" என்றான். துப்பாக்கி கண்டுபிடித்து எத்தனையோ நூற்றாண்டு ஆன பிறகு, அந்த நாட்டில் ஒருத்தர் எதற்காக வில்லைத் தூக்குகிறார்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மழை நாட்களில் வீட்டில் உட்கார்ந்து படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பேரைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் எல்க் என்றால் அது வேறு விலங்கு. அமெரிக்காவில் மூஸ் என்கிறார்களே, அது. கடல் தாண்டிப் போன ஆங்கிலேயர்கள், அங்கே பெரிய மானாக ஒன்றைப் பார்த்ததும் தெரிந்த பேரை அதற்கு வைத்துவிட்டார்கள். அந்த மண்ணின் ஷானி மக்கள் அதை வாப்பிட்டி என்றார்கள். வெள்ளைப் பின்புறம் உள்ளது என்று அர்த்தம். இதே வேலையை ஆங்கிலேயர்கள் இலங்கையிலும் செய்தார்கள். 1840-களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களையும் கத்தியையும் வைத்துக்கொண்டு எல்க் வேட்டையாடியதாக எழுதியிருக்கிறார். அவர் விரட்டியது எங்க சோளத்தைத் தின்கிற இதே கடமான்தான். இலங்கைத் தமிழர்கள் மரை என்பார்கள், நாஞ்சில் நாட்டுக்காரர்கள் மிளா என்பார்கள்.

அமெரிக்க எல்க் கடமானைவிடப் பெரிது. அதிலும் பசிபிக் கடற்கரை மலைகளில் இருப்பது ரூஸ்வெல்ட் எல்க் என்ற இனம். நல்ல கிடா முந்நூறு கிலோவுக்கு மேல் நிற்கும். 1897-ல் அதற்கு தியோடர் ரூஸ்வெல்ட் பேரை வைத்தவர் மெரியம் என்ற உயிரியலாளர். அது வாழும் இடம் செங்குத்தான மலை. மழை கொட்டித் தீர்க்கும், மரத்துக்கு மரம் பாசி தொங்கும், புதர் இடுப்பளவுக்கு நிற்கும். பத்தடி தள்ளி நிற்கிற மான்கூடத் தெரியாது.

இந்த மாதிரி இடத்தில் வில்லோடு போகிறவன் முப்பது, நாற்பது கஜத்துக்குள் நெருங்கியாக வேண்டும். அதற்குக் காற்று தெரிந்திருக்க வேண்டும். நம்ம விவசாயிக்கு இது புதுசு இல்லை. மலையோரக் காட்டில் விடியற்காலை குப்பைக்குத் தீ வைத்தால் புகை சரிவில் பள்ளத்தைப் பார்த்து இறங்கும். வெயில் ஏறியதும் அதே புகை மேட்டைப் பார்த்து ஏறும். மனுச வாடையும் அப்படித்தான் போகும். அதனால் அங்கே வேட்டைக்காரர்கள் காலையில் மானுக்குக் கீழே நின்று ஏறுகிறார்கள், வெயில் வந்த பிறகு மேலே இருந்து இறங்குகிறார்கள். செப்டம்பர் மாதம் எல்க் இணை சேரும் பருவம். கிடாக்கள் குழல் ஊதுவதுபோல் கத்தும். அந்தக் குரலை வாயால் எழுப்பி, இன்னொரு கிடா சண்டைக்கு வந்திருக்கிறது என்று நம்பவைத்துக் கூப்பிடுவார்கள்.

அம்பு குண்டு மாதிரி அதிர்ச்சி கொடுத்து விழவைக்காது. ரத்தம் போய்த்தான் மான் விழும். அடித்த உடனே பின்னால் ஓடினால், பயந்து இரண்டு மலை தாண்டிவிடும். அரைமணி நேரமாவது அசையாமல் உட்கார்ந்திருந்து, அப்புறம் ரத்தத் துளியைப் பார்த்துத் தேடிப் போக வேண்டும். விழுந்த பிறகு வெட்டிப் பங்கு போட்டு முதுகில் சுமந்து இறக்க வேண்டும். பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நாலைந்து நடை.

இந்த வித்தை நவீன அமெரிக்காவுக்கு எப்படித் திரும்ப வந்தது என்று தேடினால், ஒரு தனி மனிதனிடம் போய் நிற்கிறது.

1911 ஆகஸ்ட் 29. கலிபோர்னியாவில் ஆரோவில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மாடு அறுக்கும் கொட்டகை. பட்டினியால் சுருண்டுபோன, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அங்கே வந்து நின்றார். அவர் பேசியது யாருக்கும் புரியவில்லை. யாஹி என்ற சின்ன இனத்தின் கடைசி ஆள் அவர். அவருடைய மக்கள் லாசன் மலையடிவாரத்தில், டீர் கிரீக், மில் கிரீக் என்ற ஓடைகளின் ஆழமான பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தவர்கள். 1848-ல் தங்கம் கிடைத்த பிறகு வெள்ளையர்கள் குவிந்தார்கள். பின்னாலேயே பண்ணைகளும் மாடுகளும் வந்தன. மான் குறைந்தது. பசித்தவர்கள் மாட்டைப் பிடித்தார்கள். மாட்டுக்காரர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். 1860-களில் நடந்த படுகொலைகளில் இனமே ஏறக்குறைய அழிந்தது. மிஞ்சிய சிலர் நாற்பது வருடம் ஒளிந்து வாழ்ந்தார்கள். துப்பாக்கிச் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். வில் சத்தம் போடாது. 1908-ல் நில அளவை செய்ய வந்தவர்கள் அவர்களுடைய குடிசையைக் கண்டுபிடித்து, அங்கிருந்த பொருட்களை எடுத்துப் போனார்கள். அதோடு அவருடைய குடும்பமும் சிதறிப்போனது.

ஆந்த்ரோபாலஜி அறிஞர் குரோபர் அவரை சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்கு வரவழைத்தார். அவர் கடைசிவரை தன் பேரைச் சொல்லவில்லை. அவர் மொழியில் மனிதன் என்று பொருள்படும் இஷி என்ற சொல்லே பேரானது. பக்கத்து மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்த சாக்ஸ்டன் போப் அவருக்கு நண்பரானார், அப்படியே சீடரும் ஆனார். ஜூனிபர் மரத்தில் வில் செதுக்கி அதன் முதுகில் மான் நரம்பை ஒட்டுவது, எரிமலைக் கண்ணாடிக் கல்லிலும் உடைந்த பாட்டில் கண்ணாடியிலும் அம்புமுனை தட்டுவது, கையில் உதட்டை வைத்து ஒலி எழுப்பி முயலைக் கூப்பிடுவது, எல்லாவற்றையும் இஷி சொல்லிக்கொடுத்தார். வேட்டைக்குப் போகும் முன் மீனும் புகையும் தொடமாட்டார், ஓடையில் குளிப்பார். அவர் வேட்டையாடியது எல்க் இல்லை, சாதாரண மான். 1916 மார்ச் 25-ல் காசநோயில் இறந்தார்.

போப் 1923-ல் வில் வேட்டை பற்றிப் புத்தகம் எழுதினார். அவரும் ஆர்தர் யங் என்ற நண்பரும் வில்லாலேயே கரடிவரை வேட்டையாடினார்கள். அதைப் பார்த்து நாடு முழுக்க ஒரு பைத்தியம் பிடித்தது. 1934-ல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்று தனி வேட்டைக் காலம் ஒதுக்கியது. 1961-ல் போப், யங் இருவர் பேரிலும் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1969-ல் மிசௌரிக்காரர் ஆலன், கப்பி வைத்த வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். கிணற்றில் கப்பி போட்டால் தண்ணி இறைப்பது சுலபமாவதுபோல, இதில் முழுக்க இழுத்த பிறகு பாரம் குறைந்துவிடும். நிதானமாகக் குறி வைக்கலாம்.

அதற்குள் எல்க்கின் கதை என்ன ஆனது? ஒரு காலத்தில் சுமார் ஒரு கோடி இருந்திருக்கும் என்கிறார்கள். 1900 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. இறைச்சிக்கும் தோலுக்கும் மட்டுமில்லை, வாயில் இருக்கும் இரண்டு தந்தப் பல்லுக்காகவே கொன்றார்கள். கைக்கடிகாரம் வராத காலத்தில், கடிகாரச் சங்கிலியில் அந்தப் பல்லைத் தொங்கவிடுவது கௌரவம். 1909-ல் ரூஸ்வெல்ட் பதவி விட்டு இறங்க இரண்டு நாள் இருக்கும்போது, ஒலிம்பிக் மலைப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார். 1938-ல் அது தேசியப் பூங்கா ஆனது. 1937-ல் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போட்ட வரியை வனவிலங்குக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1972-ல் வில்லையும் அம்பையும் அந்த வரிக்குள் கொண்டுவந்தார்கள். இப்போது எல்க் சுமார் பத்து லட்சம்.

அதே 1972-ல்தான் நம்ம நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே வேட்டைக்காரன் காசு கொடுத்து விலங்கைக் காப்பாற்றுகிறான், இங்கே வேட்டையையே நிறுத்திக் காப்பாற்றுகிறோம். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. காட்டில் விழித்திருக்கிற எனக்குக் கடமான்மேல் கோபம் வராமல் இல்லை. ஆனால் இந்தச் சட்டம் இல்லாமல் போயிருந்தால், என் பேரன் கடமானைப் படத்தில்தான் பார்த்திருப்பான் என்பதும் தெரியும்.

என்னை உறுத்துவது வேறு. இந்தக் கதையில் நான் யார் என்று பார்த்தால், இஷி இல்லை. மாட்டைப் பிடித்தார்கள் என்று துப்பாக்கி தூக்கினார்களே, அந்தப் பண்ணைக்காரன்தான் எனக்குக் கிட்டத்துச் சொந்தம். என் வெள்ளாமை, என் மாடு என்று அவனும் சொல்லியிருப்பான். எங்க தாத்தா காலத்தில் வெட்டித் திருத்திய இந்த மேட்டுக் காட்டில், அதற்கு முன்னால் யார் நடந்தார்கள், என்ன மேய்ந்தது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு இனத்தை அழித்துவிட்டு, அதில் மிஞ்சிய ஒரே ஆளிடம் அதன் வித்தையைக் கற்றுக்கொண்டு, அதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறது ஒரு பெரிய நாடு. கற்றுக்கொண்டது போப்பின் நல்ல மனசு. கற்றுக்கொடுத்தது இஷியின் பெருந்தன்மை. நடுவில் நடந்ததை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

அன்றைக்கு ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஓடைப் பக்கம் ஒரு கடமான் வந்து நின்றது. காற்று அதன் பக்கமிருந்து என் பக்கம் வீசியது, அதனால் என்னைத் தெரியவில்லை. டார்ச்சை உடனே அடிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு கதிர் போச்சு. அப்புறம்தான் தகரத்தைத் தட்டினேன்.