கர்ண மோட்சக் கூத்தில் இளிவும் இழவும்: தென்னார்க்காட்டு அரங்கில் ஒரு துன்பியல் பாத்திரத்தின் மொழி

முன்னுரை

விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம், செஞ்சி ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காட்டு நிலப்பரப்பில் திரௌபதியம்மன் கோயில்கள் மிகுதி. இக்கோயில்களின் திருவிழா மூன்று இழைகளால் ஆனது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, இவற்றோடு இணைந்து நடைபெறும் சடங்குகள் என்பன அவை. துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது எனத் தொடரும் கூத்துகளின் வரிசை பதினெட்டாம் போரில் முடியும். மறுநாள் காலை படுகளமும் மாலை தீமிதியும் நிகழும். இவ்வரிசையின் இறுதிப் பகுதியில் ஆடப்படுவது ‘கர்ண மோட்சம்’.

தமிழில் துன்பியல் நாடகம் இல்லை என்ற கருத்து நம் வகுப்பறைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. 1891இல் வெளிவந்த ‘மனோன்மணீயம்’ தொடங்கி, சேக்சுபியரைத் தழுவிப் பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய ‘அமலாதித்யன்’ வரையிலான அச்சு நாடகங்களை மட்டும் கொண்டு பார்த்தால் அக்கருத்து ஓரளவு பொருந்தக்கூடும். விடிய விடிய ஆடப்படும் கர்ண மோட்சத்தைக் கணக்கில் கொண்டால் அது நிற்பதில்லை. கர்ண மோட்சம் துன்பியல் நாடகமே என்பதும், அதன் துன்பியல் கர்ணனின் சாவில் இல்லை, அவனைப் பிறர் அழைக்கும் சொல்லில் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பனுவலும் அதன் நிலமும்

பாரதத்தைப் பொதுவில் படிக்கும் வழக்கம் தொண்டை மண்டலத்தில் பழமையானது. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு (கி.பி. 7ஆம் நூற்றாண்டு) மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு வழிவகை செய்திருப்பதைக் காட்டுகிறது. தென்னார்க்காட்டிற்கு இன்னும் நெருக்கமான செய்தி வில்லிபுத்தூராரைப் பற்றியது. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்து, வக்கபாகை மன்னன் வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில் பாரதம் பாடியவர் அவர். திருமுனைப்பாடி என்பது இன்றைய கடலூர், விழுப்புரம் மாவட்டப் பகுதி. எனவே பிரசங்கியாரின் கையில் இருக்கும் வில்லி பாரதம் வேற்று நிலத்திலிருந்து இங்கு வந்த நூலன்று. இம்மண்ணில் பிறந்து இம்மண்ணிலேயே வாய்மொழியாகவும் வாழ்ந்த நூல் அது.

கர்ண மோட்சப் பனுவலைப் புகழேந்திப் புலவர் இயற்றியதாக வழங்குவர். நளவெண்பா பாடிய புகழேந்தியின் காலத்தோடு இதன் மொழி ஒத்துவரவில்லை. அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை போன்ற பெரிய எழுத்து நூல்களும் அவர் பெயரிலேயே உலவுகின்றன. இங்கே புகழேந்தி என்பது ஒரு தனி மனிதரின் பெயர் என்பதைவிட, மக்கள் தம் பாரதக் கதைகளுக்கு இட்டுக்கொண்ட மதிப்புப் பெயர் என்று கொள்வதே தகும். இப்பனுவலை ஹன்னே டி புரூயின் ஆங்கிலத்தில் பெயர்க்க, 1998இல் அது புதுச்சேரியில் வெளியிடப்பட்டது. அயல்நாட்டு ஆய்வாளர் ஒருவர் இதற்குக் குறிப்புரை எழுதிய பின்னும், தமிழ்த் துறைகளின் பாடத்திட்டங்களில் இது தனிப் பனுவலாக இடம்பெறுவது அரிதாகவே இருக்கிறது.

இளிவு என்னும் நிலைக்களன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. இழப்பினால் வரும் அழுகையை நாம் எளிதில் விளங்கிக்கொள்கிறோம். ஆனால் வரிசையில் முதலாவதாக நிற்பது இளிவு. பிறரால் இகழப்பட்டு எளியனாதல் என்ற பொருளில் உரையாசிரியர் அதனை விளக்குவர். பெருமிதத்திற்கோ கல்வி, தறுகண், புகழ்மை, கொடை ஆகியன நிலைக்களன்கள். இவ்விரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கர்ணனின் பாத்திர அமைப்பு தெளிவாகும். பெருமிதத்தின் நான்கு கூறுகளும் ஒருங்கே பெற்ற ஒருவன், அழுகையின் முதற் கூறான இளிவிலிருந்து மட்டும் தப்ப இயலாதவனாக நிற்கிறான்.

அரிசுட்டாட்டிலின் வழியில் துன்பியல் தலைவனின் பிழையைத் தேடுவோர் கர்ணனிடம் செருக்கையோ, தீயோர் நட்பையோ சுட்டுவர். அவை வியாசரின் கர்ணனுக்கு ஓரளவு பொருந்தும். பரசுராமரின் சாபம், பசுவை இழந்த அந்தணரின் சாபம் என்று அங்கே காரணங்கள் அடுக்கப்படுகின்றன. கூத்தின் கர்ணனிடம் பார்வையாளர் பிழை தேடுவதில்லை. அவனுக்கு நேர்ந்தது ஒரு பெயர். தேர்ப்பாகன் மகன் என்பதே அது.

ஈடிபசோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் துலங்கும். ஈடிபசு தன் பிறப்பை அறியாதவன். அறிந்த கணம் அழிகிறான். கர்ணன் போருக்கு முன்பே தன் பிறப்பை அறிந்துவிட்டவன். அறிந்தும் அதைச் சொல்ல இயலாமையே அவன் துன்பம். வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தில், இச்செய்தியைத் தருமனுக்குச் சொல்ல வேண்டாம் என்று கண்ணனிடம் அவனே கேட்டுக்கொள்கிறான். தருமன் அறிந்தால் அரசைத் தனக்கே தந்துவிடுவான், தானோ அதைத் துரியோதனனுக்குக் கொடுத்துவிடுவேன் என்பது அவன் கூறும் காரணம். இளிவை நீக்கும் சொல் தன் கையிலேயே இருந்தும் நட்பின் பொருட்டு அதை அடக்கிக்கொள்கிறான்.

திரைக்குப் பின்னிருந்து வரும் வினா

கூத்தில் ஒவ்வொரு தலைமை வேடமும் இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டு வரும். கட்டியக்காரன் வந்தவரை வினவுவான்: நீர் யார், எந்தத் தேசம், பேர் என்ன? தருமனோ துரியோதனனோ இவ்வினாவிற்குக் குலமும் நாடும் கூறி எளிதில் விடையிறுப்பர். இது அரங்கின் வாய்பாடு. கேட்போர் இதைப் பெரும்பாலும் வேடிக்கையாகவே எடுத்துக்கொள்வர். கர்ணன் திரைக்குப் பின் நிற்கும்போது மட்டும் இவ்வாய்பாடு தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. ஆதி பருவத்தின் அரங்கேற்றக் களத்தில் கிருபர் அவனிடம் கேட்டதும் இதே வினாதான். அன்று அவன் தலை கவிழ்ந்தது. துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்து அவ்வினாவை மூடினான். ஆகவே, தான் அங்க நாட்டரசன் என்று கர்ணன் கட்டியக்காரனுக்குக் கூறும் விடையில் தந்தை இல்லை, நண்பன் கொடுத்த நாடு மட்டுமே இருக்கிறது. கோமாளியின் வாயிலிருந்து வரும் வழக்கமான கேள்வி பாரதத்தின் மிகக் கொடிய கேள்வியாக மாறுவதை, கதை தெரிந்த பார்வையாளர் உணராதிருக்க வழியில்லை.

கூத்துப் பனுவலின் மொழி விருத்தம், தரு, வசனம் எனப் பல அடுக்குகள் கொண்டது. விருத்தம் இழுத்துப் பாடப்படுவது. சொற்கள் செந்தமிழுக்கும் வடமொழிக்கும் அருகில் நிற்கும். தரு ஆட்டத்திற்கு உரியது. வசனமோ வட்டார வழக்கையும், சபாசு, தர்பார் போன்ற பிற்கால அரசவைச் சொற்களையும் தயக்கமின்றி ஏற்கும். கர்ணனின் வீரமும் கொடையும் பெரும்பாலும் விருத்தத்திலும் தருவிலும் வெளிப்படுகின்றன. அவன் பிறப்பு பற்றிய பூசல் வசனத்திற்கு வரும்போதுதான் கூர்மை பெறுகிறது. பெருமிதத்திற்குப் பாட்டு, இளிவிற்குப் பேச்சு என்னும் இப்பங்கீடு திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்று கூற முடியாது. இகழ்ச்சி எப்போதும் ஊரார் பேசும் மொழியில்தான் வரும் என்ற பட்டறிவு ஆடுவோரிடம் இருந்திருக்க வேண்டும்.

பொன்னுருவியின் வாசல்

இக்கூத்தின் உச்சம் போர்க்களம் அன்று. அது பொன்னுருவியின் அரண்மனை வாசல். வியாச பாரதத்தில் காணப்படாத இப்பாத்திரம் தமிழ் நாட்டார் மரபில் கர்ணனின் மனைவியாக, கலிங்கத்து இளவரசியாக வருகிறாள். கணவன் தேர்ப்பாகன் வளர்த்த பிள்ளை என்பதால் அவனை வெறுத்து ஒதுக்கியவள். பதினேழாம் நாள் போருக்குப் படைத்தலைமை ஏற்ற கர்ணன் அவளிடம் விடைபெற வருகிறான். அவள் அவனைக் காணவும் மறுக்கிறாள்.

இக்காட்சியைப் புராணத்தில் சேர்ந்த நாட்டார் இடைச்செருகல் என்று ஒதுக்குவோர் உளர். அவ்வாறு ஒதுக்கினால் நாடகமே கையை விட்டுப் போய்விடும். களத்தில் சல்லியன் கர்ணனை இகழ்வது அரசர்களுக்கு இடையிலான பூசல். தேர்ப்பாகன் மகன் எனப்பட்டவனுக்கு ஒரு மன்னன் தேரோட்ட நேர்ந்த முரணும் அதில் உண்டு. ஆயினும் அது பகைவரும் பாதிப் பகைவரும் நிற்கும் இடத்தில் நடப்பது. அங்கே இகழ்ச்சி எதிர்பார்க்கத்தக்கதே. வீட்டு வாசலில் அவ்வாறில்லை. கூத்து வசனத்தில் மனைவி கணவனைச் ‘சுவாமி’ என்றும் ‘பிராண நாதா’ என்றும் விளிப்பது மரபு. அவ்விளி கிடைக்க வேண்டிய இடத்தில் பிறப்பைச் சுட்டும் சொல் வந்து விழுகிறது. கிரீடமும் புசக்கட்டையும் பூண்ட தலைமை வேடம், கட்டை வேடங்களிலேயே கம்பீரமான ஒன்று, பெண் வேடமிட்ட நடிகரின் முன் கெஞ்சி நிற்கிறது. ஒப்பனையின் பெருமைக்கும் சொல்லின் சிறுமைக்கும் இடையிலான இத்தொலைவை அச்சுப் பனுவலில் படித்து உணர்வது கடினம்.

இறுதியில் கர்ணன் தன் பிறப்பின் கதையை அவளிடம் சொல்லிவிடுகிறான். குந்தி பெற்றது, ஆற்றில் விட்டது, கதிரவன் மகன் என்பது எல்லாம் வெளிப்படுகின்றன. உண்மையை அறிந்த பொன்னுருவி போருக்குப் போக வேண்டாம் என்று மன்றாடுகிறாள். கண்டறிதல் நிகழ்ந்துவிட்டது, பயன்படும் காலம் கடந்துவிட்டது. ஆனால் இங்கே ஒரு நெருடலும் உண்டு. பொன்னுருவி மனம் மாறுவது கர்ணனின் பண்பைக் கண்டன்று, அவன் உயர்குலத்தான் என்று அறிந்ததால். குலத்தை வைத்து இகழ்ந்தது தவறு என்று கூத்து சொல்வதில்லை. இகழப்பட்டவனின் குலம் தவறாகக் கணிக்கப்பட்டது என்றே சொல்கிறது. அதிரதனின் சொந்த மகனாகவே அவன் இருந்திருந்தால் பொன்னுருவியின் கதவு திறந்திருக்குமா? பனுவல் இவ்வினாவை எழுப்பும் அளவுக்கு நெருங்கி வந்து நின்றுவிடுகிறது. இது அதன் எல்லை. ஆய்வாளர் இதனைப் பூசி மெழுக வேண்டியதில்லை.

இவ்வெல்லை அரங்கத்தோடு நிற்பதுமன்று. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தருமராசா திரௌபதியம்மன் கோயிலுக்குள் பட்டியலினத்தவர் நுழைவது தொடர்பாக 2023இல் மோதல் எழுந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் வருவாய்த் துறையினர் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். பிறப்பால் வாசலில் நிறுத்தப்பட்டவனுக்காக விடிய விடிய அழும் மரபைக் கொண்ட திரௌபதி வழிபாட்டு நிலத்தில்தான் இது நிகழ்ந்தது. நாட்டார் கலைகளைச் சமத்துவத்தின் குரலாகவே எடுத்துக்காட்டும் கட்டுரைகள் இந்த உண்மையை எதிர்கொள்ள வேண்டும்.

கேட்காத வரம்

அந்தண வடிவில் வந்து கண்ணன் புண்ணியத்தை இரந்து பெறுவது வில்லியின் வழியில் கூத்திற்கு வந்த செய்தி, வியாசரிடம் இல்லாதது. குருதியால் தாரை வார்த்த கர்ணனிடம், வேண்டும் வரம் கேள் என்கிறான் கண்ணன். மறுபிறவி உண்டெனில், இரப்போர்க்கு இல்லை என்று சொல்லாத உள்ளம் வேண்டும் என்பதே வில்லியின் கர்ணன் கேட்பது. உரைகாரரும் பிரசங்கியாரும் இதனைக் கொடைக்குச் சான்றாகவே விரிப்பர். அவன் எதைக் கேட்கவில்லை என்பதையும் நோக்கலாம். நற்குலத்தில் பிறக்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. வாழ்நாள் முழுதும் தன்னைச் சுட்ட ஒன்றை, அது கேட்டுப் பெறத்தக்க பொருளே அன்று என்பதுபோல் கடந்து செல்கிறான். பொன்னுருவி காட்சியில் பனுவல் தயங்கி நின்ற இடத்தை, காவிய மரபிலிருந்து வந்த இவ்வரம் சொல்லாமலே தாண்டிவிடுகிறது.

விழுப்புரம் என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன்னெழுத்தாகத் தாங்கிய வி.சி. கணேசன் நடித்த ‘கர்ணன்’ 1964இல் வெளிவந்தது. பலர் நினைவில் கர்ணன் என்றால் அத்திரைப்படம்தான். அதில் கர்ணனின் மனைவி சுபாங்கி அன்புடையவளாக வருகிறாள். பொன்னுருவிக்கு அங்கே இடமில்லை. மனைவியே இகழ்ந்தாள் என்னும் கசப்பைக் கூத்து மட்டும் விடாமல் வைத்திருக்கிறது.

குந்தியின் விளி

வியாச பாரதத்தில் குந்தி தன் மறைபொருளைப் போர் முடிந்து நீர்க்கடன் செய்யும் நேரத்தில் வெளியிடுகிறாள். கர்ணன் அதைக் கேட்க உயிரோடில்லை. வில்லியிலோ, தான் களத்தில் வீழும்போது வந்து தன்னை மகனாக ஏற்று அறிவிக்க வேண்டும் என்று அவன் முன்பே அவளிடம் உறுதி பெற்றிருக்கிறான். அதன்படி அவள் களத்திற்கு ஓடிவருகிறாள். கூத்தின் இறுதியில் இப்புலம்பல் ஒப்பாரி நடையில் நீள்கிறது. நாடகம் தொடங்கியதிலிருந்து தேர்ப்பாகன் மகன், அங்கர் கோன் என்று பலவாறு விளிக்கப்பட்டவனுக்கு ‘மகனே’ என்ற விளி ஊரறிய முதன்முறையாகக் கிடைப்பது இங்கேதான்.

கர்ண மோட்சம் திருவிழாக்களில் மட்டும் ஆடப்படுவதில்லை. வட தமிழகத்தில் இறந்தவரின் கருமாதியை ஒட்டி இரவு முழுதும் இக்கூத்தை ஆடச் செய்யும் வழக்கம் உண்டு. தலைப்பில் உள்ள ‘மோட்சம்’ அவ்விடத்தில் நேர்ப்பொருள் பெறுகிறது: இறந்தவர் நற்கதி அடைய வேண்டும் என்பது வேண்டுதல். அப்போது குந்தியின் ஒப்பாரி ஒரு கதைமாந்தரின் அழுகையாக மட்டும் நிற்பதில்லை. சில நாள்களுக்கு முன் அதே முற்றத்தில் அதே மெட்டில் பெண்கள் அழுதிருப்பார்கள். அவர்கள் எதிரே அமர்ந்திருக்கிறார்கள். முகவீணை அந்த மெட்டைத் தொடரும்போது பொழுது புலரத் தொடங்கியிருக்கும்.