தெரிந்து தெளிதல்: சின்னப்பம்பட்டி நடராஜனை அளந்தவர்கள்

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்றோர் அதிகாரம் உண்டு. அதனை அடுத்து வருவது ‘தெரிந்து வினையாடல்’. ஒருவரை எவ்வாறு ஆராய்ந்து தேர்வது, தேர்ந்தபின் எவ்வாறு பணியில் அமர்த்துவது என்பனவே அவற்றின் பொருள். அரசனை முன்னிறுத்திச் சொல்லப்பட்ட இவ்விரண்டையும் வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நம் நினைவில் எழுவது, சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியில் 1991-இல் பிறந்த வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜனின் வரலாறுதான்.

அவருக்குச் சந்தை இட்ட விலைகளை முதலில் வரிசைப்படுத்திப் பார்ப்போம். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 இலட்சம். பஞ்சாப் அணி கொடுத்ததோ 3 கோடி. அவ்வாண்டு ஆறு ஆட்டங்களில் அவர் எடுத்தவை இரண்டே விக்கெட்டுகள். மறு ஆண்டு ஐதராபாத் அணி அவரை 40 இலட்சத்துக்கு வாங்கியது. 2018, 2019 ஆகிய இரண்டு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட அவர் களமிறக்கப்படவில்லை. 2020-இல் அதே அணிக்காக 16 விக்கெட்டுகள் வீழ்த்தினார். டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கர் அவற்றுள் ஒன்று. மூன்று கோடி, நாற்பது இலட்சம், பின்பு இரண்டாண்டு வெறும் காத்திருப்பு. அளக்கப்பட்ட மனிதர் ஒருவரே, மாறிக்கொண்டிருந்தது எடைக்கல்தான்.

ஆயின், சந்தை வருமுன்பே அவரை அளந்த கண் ஒன்று இருந்தது. நெசவுத் தொழிலை நம்பிய எளிய குடும்பம். தாயார் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். இருபது வயது வரை நடராஜன் கையில் இருந்தது டென்னிஸ் பந்து. சேலம், நாமக்கல் சமவெளியின் ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் அப்பந்தைக் கொண்டே நடப்பவை. எடை குறைந்த பந்தைச் சிறிய திடலில் தூக்கி அடிப்பது எளிது. எனவே மட்டையாளரின் காலடியில் பந்தை இறக்குவதே வீசுபவனுக்குப் பாதுகாப்பு. பின்னாளில் உலகம் வியந்த யார்க்கர் இவ்வாறு தேவையிற் பிறந்த கலையாகும். அதனை வெறும் ஊர் விளையாட்டாகக் கருதாமல், சென்னைக்கு அனுப்பத்தக்க ஆற்றலாகக் கண்டவர் அவ்வூர் ஜெயப்பிரகாஷ். பின்னர் நடராஜன் தம் ஆட்டச் சட்டையில் ‘ஜே.பி. நட்டு’ என்று பொறித்துக்கொண்டது அந்தக் கண்ணுக்குச் செலுத்திய நன்றியே.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில்தான் தொடங்கியது. அன்றுதொட்டுத் தமிழகக் கிரிக்கெட்டின் துலாக்கோல் பெரிதும் சென்னையிலேயே இருந்து வந்தது. சேலத்தான் ஒருவன் தன்னை நிறுத்துப் பார்க்க வேண்டுமானால் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். நடராஜன் அங்குச் சென்று நான்காம் டிவிஷனில் தொடங்கி முதல் டிவிஷனுக்கு ஏறினார். 2015 சனவரியில் வங்காள அணிக்கெதிராக ரஞ்சியில் அறிமுகமானார். உடனே அவருடைய பந்துவீச்சு முறை விதிக்குட்பட்டதா என்னும் ஐயம் எழுந்தது. குறையைக் கண்டதும் ஆளையே விலக்கிவிடாமல், முறையைத் திருத்தப் பயிற்சியாளர்கள் துணைநின்றனர். குணமும் குற்றமும் நாடி மிகுதியானதைக் கொள்க என்னும் அறிவுரை செயலாகிய இடம் இது.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி மாணவர்களை உயரம், எடை, ஓட்ட வேகம், தூக்கும் வலு என ஒவ்வொன்றாக அளந்தே தொழில்முறை அணிகள் தேர்கின்றன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆரன் டொனால்டு, எதிரணி வரிசையை நேர்நின்று பிளந்து செல்லவேண்டிய தற்காப்பு வரிசை வீரர். அவ்விடத்துக்கு அவருடைய ஆறடி ஓரங்குலம் போதாது என்று பலர் எண்ணினர். 2014-இல் பன்னிருவர் தேரப்பட்ட பின்னரே அவர் பெயர் அழைக்கப்பட்டது. ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் என்னும் விருதை அவர் பின்னர் மும்முறை பெற்றார். அங்குல நாடா பொய் சொல்லவில்லை. அது அளக்கக் கூடியதை மட்டும் அளந்தது.

2020 இறுதியில் நடராஜன் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காக. பிறர் காயமுற, அவருக்கு வழி திறந்தது. டிசம்பர் 2 அன்று ஒருநாள் ஆட்டம், டிசம்பர் 4 அன்று டி20, 2021 சனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவரே. இந்தியாவின் 300-ஆவது டெஸ்ட் வீரரும் அவரே. தேர்வாளர்களின் திட்டத்தில் இல்லாத ஒன்றை வாய்ப்பு நிகழ்த்திக் காட்டியது. அதன்பின் முழங்கால் அறுவை சிகிச்சை, மீட்சி, 2024-இல் 19 விக்கெட்டுகள், அவ்வாண்டு நவம்பர் ஏலத்தில் 10.75 கோடி. ஆனால் 2025 பருவத்தில் டெல்லி அணிக்காக அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். விலை உயர்ந்தது, வினை கிட்டவில்லை. தெரிந்து தெளிதலுக்குப் பின் தெரிந்து வினையாடல் ஏன் தனியே வைக்கப்பட்டது என்பது இங்கு விளங்குகிறது.

இதனை எழுதும் நமக்கும் ஒரு கடன் இருக்கிறது. நம் வகுப்பில் இடக்கையால் பந்து வீசும் மாணவன் ஒருவன் இருந்தான். வருகைக் குறைவு என்று அவனை மும்முறை கண்டித்தோம். இரண்டாம் ஆண்டின் இடையில் அவன் விசைத்தறிக்குப் போய்விட்டான். அவன் வீசி நாம் ஒருநாளும் பார்த்ததில்லை.

நடராஜன் அவ்வாறு பாராதிருக்கவில்லை. அவர் கைதூக்கிவிட்ட பெரியசாமி 2019 டி.என்.பி.எல். இறுதியாட்டத்தில் ஐந்து விக்கெட்டுகள் வீழ்த்தினார். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியிலேயே நடராஜனின் திடல் திறக்கப்பட்டது. துலாக்கோல் கொஞ்சமேனும் ஊருக்கு வந்திருக்கிறது.

இனி வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே விடுப்புக் குறிகள் தொடருமாயின், அவன் எந்தத் திடலில் நிற்கிறான் என்று சென்று பார்த்துவிட்டே கண்டிப்பது என முடிவு செய்திருக்கிறோம்.