போர்வை தடித்த வரலாறு

'பசுமைக்குடில் விளைவு', 'புவி வெப்பமாதல்', 'காலநிலை மாற்றம்' என்னும் சொற்கள் இன்று நாள்தோறும் நம் செவியில் விழுகின்றன. அவற்றை நேற்றுப் பிறந்தவை எனக் கருதுவோர் பலர். அவை உணர்த்தும் உண்மைகளுக்கோ இரு நூற்றாண்டு கால வரலாறு உண்டு.

கதிரவனிடமிருந்து பெறும் வெப்பத்தைப் பூமி எவ்வாறு காத்துக்கொள்கிறது? 1824-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியே இவ்வினாவை ஆராய்ந்தார். காற்றுமண்டலம் ஒளியை எளிதில் உள்ளே விடுகிறது. தரையிலிருந்து எழும் வெப்பத்தை அத்துணை எளிதில் வெளியே விடுவதில்லை என்று அவர் விளக்கினார். பிற்காலத்தில் இதுவே பசுமைக்குடில் விளைவு எனப் பெயர் பெற்றது. இது தன்னளவில் தீயதன்று. இப்போர்வை இல்லையேல் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 18 பாகை செல்சியஸாக இருக்கும்.

போர்வையாய் அமைந்த வாயு எது? 1856-இல் யூனிஸ் ஃபுட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்தார். கரியமிலவாயு நிறைந்த குழாயே மிகுதியாகச் சூடேறியது. வெயிலினின்று அகற்றிய பின்னும் நெடுநேரம் ஆறவில்லை. காற்றில் இவ்வாயு மிகுந்தால் பூமியின் வெப்பமும் மிகும் என அவர் உய்த்துணர்ந்தார். ஆயினும் அறிஞர் அவையில் அக்கட்டுரையை வாசித்தவர் ஓர் ஆடவரே. அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக அவர் பெயர் பெரிதும் மறக்கப்பட்டிருந்தது. 1859-இல் ஜான் டிண்டல், வாயுக்கள் வெப்பக்கதிரை ஈர்ப்பதை அளந்து காட்டினார். 1896-இல் சுவீடன் நாட்டு அரீனியஸ், கரியமிலவாயு இருமடங்கானால் வெப்பம் 5 அல்லது 6 பாகை உயரும் எனக் கணக்கிட்டார்.

அளவீட்டுச் சான்று 1958-இல் தொடங்கியது. அவ்வாண்டு சார்லஸ் கீலிங், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றை அளக்கலானார். பத்து இலட்சம் பங்கு காற்றில் கரியமிலவாயு அன்று ஏறக்குறைய 315 பங்கு; இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்னரோ 280 பங்கே. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து போர்வையைத் தடிப்பாக்கின.

ஒரு நாளின் மழையும் வெயிலும் வானிலை. முப்பது ஆண்டுகளேனும் நோக்கி அறியும் பொதுப்போக்கு காலநிலை. ஆகவே, குளிர்ந்த ஒரு காலைப்பொழுதைக் காட்டிப் புவி வெப்பமாதலை மறுப்பது பொருந்தாது.

உண்மை நமக்கு எட்டிப் பல தலைமுறைகள் கடந்துவிட்டன. மிகக் குறைவாக எரித்த ஏழை மக்களே வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் முதலில் இரையாகின்றனர். இச்சொற்களைக் கற்றவர்க்கு, 'நாங்கள் அறியோம்' என்று அவர்களிடம் கூறும் உரிமை இனி இல்லை.